உடைக்காமல் விட்ட வளையல்

செங்கமலத்தின் வலது கை முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடையோடு முடிந்துபோயிருந்தது. வெளியூர்க்காரர் யாராவது அதைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டால், அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். "மிஷன் ஆஸ்பத்திரியில ஒரு நர்சு ஊசியைப் போட்டுக் கையைக் கருக்கிட்டா." குடுமியான்மலைக்கு வடக்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் இந்தக் கதை பாடம். கதையைக் கட்டிவிட்டவள் செங்கமலத்தின் மாமியார் மூக்காயி. மற்றபடி அந்த அம்மாளுக்குப் பொய் சொல்லும் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. இந்த ஒரு பொய்யை மட்டும் வருஷக்கணக்காக வார்த்தை மாற்றாமல் சொல்லி வந்தாள்.

நடந்தது என்ன என்று செங்கமலத்துக்குத் தெரியும். மயக்கத்தில் கிடந்தவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது என்று மூக்காயி நம்பியிருந்தாள்.

ஐம்பத்தாறாம் வருஷத் தை மாதம், செங்கமலத்துக்கு முதல் பிரசவம். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெற வேண்டும். தாயும் தகப்பனும் இருந்தால்தானே தாய்வீடு? அவளுக்கு மிச்சமிருந்தது பொன்னமராவதிக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் அண்ணன் அடைக்கலம் ஒருவன்தான். அவனும் ஒண்டிக்கட்டை, கடை வாசலிலேயே படுத்துக்கொள்கிறவன். ஆகவே வளைகாப்பும் புருஷன் வீட்டில், பிரசவமும் புருஷன் வீட்டில். சும்மா சொல்லக் கூடாது, மூக்காயி வளைகாப்பில் குறை வைக்கவில்லை. சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களை மருமகளின் இரண்டு கையிலும் அடுக்கிவிட்டாள். பிரசவம் முடிந்து நல்ல நாள் பார்த்து, சோப்பு போட்டுக் கழற்றி மருத்துவச்சிக்குக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம்.

விடியற்காலையில் பெண்குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. மருத்துவச்சி துணிக்கு மேல் துணியாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல எனக்குத் தெரியாது, டவுனுக்குக் கொண்டுபோங்க" என்று கையை உதறிவிட்டாள். ரோட்டில் வந்த நெல் லாரியை மறித்து, சாக்கு விரித்துக் கிடத்தி, புதுக்கோட்டையில் கீழ ரோட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போனவர்கள் மூக்காயியும் அவள் மகன் பெரியண்ணனும். பெரியண்ணன்தான் செங்கமலத்தின் புருஷன்.

டாக்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். நாடி அகப்படவில்லை. உடம்பெல்லாம் சில்லிட்டுப்போய் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. வயிற்றை அமுக்கிப் பிடித்தும் ஊசி போட்டும் ஒரு வழியாகப் போக்கை நிறுத்தினார். ஆனால் வெளியே போன ரத்தம் போனதுதானே. பெரியண்ணன் விரலில் குத்திப் பார்த்தார்கள். அவன் ரத்தம் அவளுக்குச் சேரும் என்றார்கள். மூக்காயி நடுவில் வந்து நின்றாள்.

"ஆம்பளை ரத்தத்தை உறிஞ்சிட்டா அப்புறம் ஏரு புடிக்க முடியுமா? நான் விடமாட்டேன்."

பெரியண்ணன் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான். ஆத்தா பேச்சைத் தட்டாத பிள்ளை என்று ஊரில் பெயர் எடுத்தவன் அவன். பெண்டாட்டி உயிர் போகிற நேரத்திலும் அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ளவில்லை, மகராசன். பொன்னமராவதி பஸ் கண்டக்டரிடம் அடைக்கலத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் வந்து சேரும்வரை உயிரை எதைக் கொண்டாவது நிறுத்தி வைக்க வேண்டும்.

அதற்குத்தான் அந்த மருந்தை எடுத்தார் டாக்டர். நார்அட்ரினலின் என்று பெயர். குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக நரம்பில் இறக்க வேண்டும். ஞானமணி என்ற நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டபடியே மூக்காயிக்கு விவரம் சொன்னாள்.

"ஆத்தா, ஒடம்புல ரத்தம் வத்திப்போச்சு. ரத்தக் குழாயெல்லாம் தொளதொளன்னு கெடக்கு. இந்த மருந்து குழாயை நெருக்கிப் புடிக்கும். நெருக்குனா இருக்கிற கொஞ்ச ரத்தமாவது நெஞ்சுக்கும் மூளைக்கும் போய்ச் சேரும். கை காலுக்குப் போறது கொறைஞ்சுபோகும்."

"புது ரத்தம் ஊறாதா?"

"ஊறாது. இருக்கிறதை வச்சு ஒப்பேத்துறதுதான். ஒண்ணு மட்டும் நல்லாக் கேட்டுக்கங்க. மருந்து குழாய்க்குள்ளயே போகணும். வெளியில கசிஞ்சா அந்த எடத்துல சதை செத்துரும். கை வெளுத்தாலும் வீங்குனாலும் ஒடனே என்னையக் கூப்புடுங்க."

இடது கையில் நரம்பு தட்டுப்படவில்லை. காலிலும் இல்லை. வலது மணிக்கட்டில் நூல் மாதிரி ஒன்று தெரிந்தது, அதன் மேல் வளையல் அடுக்கு. கர்ப்ப நீரில் ஊதியிருந்த கையில் வளையல் கழலவில்லை. ஞானமணி வளையலை உடைக்கக் கத்தரிக்கோலின் பிடியை ஓங்கினாள். மூக்காயி அவள் காலில் விழுந்துவிட்டாள்.

"எம் மகன் வெளியில கல்லு மாதிரி நிக்கிறான். அவன் உசுரோட இருக்கையில இவ வளையலை ஒடைப்பீங்களா நர்சம்மா? என் வம்சமே இவன் ஒருத்தன்தான்."

ஞானமணி கிறிஸ்துவ வேதக்காரிதான். ஆனாலும் இந்த மண்ணில் பிறந்தவள். யார் செத்தால் யார் கையில் வளையல் உடையும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கை தாழ்ந்துவிட்டது. வளையல்களை மொத்தமாக மேலே தள்ளி, முழங்கையின் கீழ்ச் சதையில் இறுக நிறுத்திவிட்டு, மணிக்கட்டில் ஊசியை ஏற்றினாள். அவள் செய்த தப்பு அது. தப்பு இல்லை என்று யார் சொன்னது? அந்த இளக்கத்துக்கு அவள் பட்ட பாடும் கொஞ்சமில்லை.

மருந்து இறங்க இறங்க, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் பாதரசம் மெல்ல ஏறியது. செங்கமலத்தின் உதட்டில் வெளுப்பு குறைந்தது. பக்கத்து அறையில் இன்னொரு பிரசவம் இடக்காகி ஞானமணியைக் கூப்பிட்டார்கள். "கையைப் பாத்துக்கங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

செங்கமலம் கண் விழித்தபோது மாமியார் முகம்தான் முதலில் தெரிந்தது. அடுத்து, வலது கையில் நெருப்பு.

"அத்தை, கை எரியுது."

மூக்காயி போர்வையை விலக்கினாள். கை மெழுகாக வெளுத்திருந்தது. மணிக்கட்டிலிருந்து மேலே வீங்கி, வளையல்கள் சதைக்குள் அமுங்கிக் கிடந்தன. அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததனால்தான் வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்து, கையை நன்றாக மூடிவிட்டாள்.

"நர்சம்மாவைக் கூப்புடுங்க அத்தை. எரியுது."

"பேசாமப் படு. பாத்தா ஒடைச்சுருவாளுக."

ஞானமணி மூச்சிரைக்க வந்து இடது கையில் அழுத்தம் பார்த்தாள். பாதரசம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கை எப்படி இருக்கு ஆத்தா?" என்று கேட்டாள். "நான்தான் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு இருக்கேனே. நல்லா இருக்கு" என்றாள் மூக்காயி. அதை நம்பி, ஞானமணி சொட்டை இன்னும் வேகமாக்கிவிட்டுப் போனாள். செங்கமலம் ஏதோ சொல்ல நாக்கைப் புரட்டினாள், அதற்குள் கண் மறுபடி சொருகிக்கொண்டது. வளையல் இறுக்கத்தில் மேலே ஏற வழியில்லாமல், பாட்டில் பாதிக்கு மேல் சதைக்குள் கசிந்தது. மிச்சம்தான் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

சாயங்காலம் அடைக்கலம் கசங்கிய வேட்டியோடு வந்து சேர்ந்தான். கேட்ட உடனே கையை நீட்டி ரத்தம் கொடுத்தான். அதை ஏற்றுவதற்காகப் போர்வையை எடுத்தபோதுதான் எல்லாரும் கையைப் பார்த்தார்கள். விரல்கள் கறுத்துவிட்டிருந்தன. இப்போது யாரையும் கேட்காமல் வளையல்களை உடைத்தார்கள். உடைத்து என்ன செய்ய? சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கையை எடுத்துவிட்டார்.

மூக்காயி வராந்தாவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "ஊசியைப் போட்டு எம் மருமக கையைக் கருக்கிட்டாளே" என்று அவள் போட்ட கூப்பாட்டில் தெருவே உள்ளே வந்துவிட்டது. ஞானமணி டாக்டரிடம் வளையல் சமாச்சாரத்தைச் சொன்னாள். "கையைப் பாக்க வேண்டியது நீயா, அந்த அம்மாவா?" என்று அவர் கேட்டார். அந்த மாதமே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவையும் செங்கமலம் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொல்லிவிட்டு எங்கே போவது? கையில்லாத ஒருத்தியையும் பச்சைப்பிள்ளையையும் கடைவாசலில் படுக்கிற அண்ணன் எங்கே வைத்துக் காப்பாற்றுவான்? மாமியாரின் கதையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பினாள்.

திரும்பிய இடத்தில் என்ன சொர்க்கமா இருந்தது? இரண்டு வருஷம் கழித்து, பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று பெரியண்ணன் தங்கமுத்து என்பவளைக் கட்டிக்கொண்டு வந்தான். சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. நாற்று நடவும் கதிர் அறுக்கவும் இரண்டு கை வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செங்கமலத்தின் பாய் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போயிற்று. அவள் இடது கையால் கூட்டினாள், மெழுகினாள், சாணி அள்ளினாள். பல்லால் கடித்து முடிச்சுப் போடப் பழகினாள். பழக முடியாதது ஒன்றுதான். மகளுக்குச் சடை பின்ன அவளால் ஆகவில்லை. அதைத் தங்கமுத்து செய்தாள். நல்லவள்தான், கோணாமல் வகிடு எடுத்து இறுக்கமாகப் பின்னிவிடுவாள். பின்னப் பின்னப் பிள்ளை அவள் மடியிலேயே வளர்ந்தது. ராத்திரிப் படுக்கைக்கும் சின்னாத்தாவிடமே போனது. அன்றைக்குச் செத்திருந்தால் இதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று செங்கமலம் பல நாள் நினைத்திருக்கிறாள்.

பொங்கலுக்குப் பொங்கல் மூக்காயி புது வளையல் வாங்கி வருவாள். ஒற்றைக் கைக்காரி தானாக வளையல் போட்டுக்கொள்ள முடியாதில்லையா? மாமியாரே மருமகளின் இடது கையை எண்ணெய் தடவிப் பிசைந்து ஒவ்வொன்றாக ஏற்றுவாள். "எம் மகன் இருக்கையில ஒங் கை வெறுங்கையா இருக்கக் கூடாது" என்பாள். செங்கமலம் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். போர்வையை இழுத்து மூடிய விரல்கள் அவை.

பொய்க்கு நன்றாக வேர் பிடித்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் பிள்ளை பெறப்போகிற பெண் யாரும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கவில்லை. ரத்தப்போக்கு கண்டவளைக்கூட, கையைக் கருக்கிவிடுவார்கள் என்று வீட்டிலேயே போட்டுவைத்துச் சாகவிட்டார்கள். பக்கத்தில் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்தார்கள். அதற்கு நர்ஸாக வந்து சேர்ந்தவள் ஞானமணி. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் வந்தால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். அவளும் பழகிக்கொண்டாள்.

அறுபத்தாறாம் வருஷம் சித்திரையில், பெரியண்ணன் ஓலை வெட்டப் பனைமரம் ஏறினான். மட்டைக்குள் கதண்டு கூடு கட்டியிருந்ததை அவன் பார்க்கவில்லை. குளவியைவிடப் பெரிய அந்த வண்டுகள் தலையிலும் முதுகிலும் கொட்டித் தீர்த்தன. சறுக்கி இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தான். வந்த கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, தலை சுற்றுகிறது என்று கட்டிலில் சாய்ந்தான். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, ஞானமணி பையோடு வந்துவிட்டாள்.

நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "ரத்த அழுத்தம் இறங்கிக்கிட்டே போகுது. ஒடனே அட்ரினலின் போடணும்" என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்தாள்.

"அன்னைக்கு எம் பொண்டாட்டிக்குப் போட்ட மருந்தா?" வீங்கிய உதட்டோடு பெரியண்ணன் கேட்டான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஞானமணிக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் வரவில்லை. "அதோட கூடப்பொறந்த மருந்து. அதுவும் குழாயை நெருக்கித்தான் உசுரைக் காப்பாத்தும். இது தோலுக்கு அடியில போடுற சின்ன ஊசி, கைக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"வேண்டாம். கையைக் கருக்கிருவா. அங்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றான் பெரியண்ணன்.

ஆட்கள் குறுக்கே வந்து நின்றார்கள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செங்கமலம் முன்னே வந்தாள். புருஷன் அவளைத் தொட்டுப் பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் சொன்னாள்.

"அந்த மருந்துதாங்க என்னையப் பொழைக்க வச்சுச்சு. போட்டுக்கங்க."

எல்லாருடைய கண்ணும் அவள் மொண்டிக் கைக்குப் போயிற்று. மருந்து கருக்கும் என்பதற்கு அதற்கு மேல் ஆதாரம் எதற்கு? செங்கமலம் மாமியாரைப் பார்த்தாள். மூக்காயி தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அத்தை. கை வளையலாலதான் போச்சு. நீங்க போர்வையைப் போட்டு மூடுனீங்க. நான் எரியுதுன்னு சொன்னேன்ல, சொல்லுங்க."

மூக்காயி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஊர் முழுக்க வாசலில் நின்றது. சொன்னால் மகன் பிழைப்பான், சொன்னால் பத்து வருஷப் பேச்சு அத்தனையும் அவள் தலையில் விழும். இதிலும் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பாவி யோசித்தாள். யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"பொய். சக்களத்தி வந்த ஆத்திரத்துல என்னமோ ஒளறுறா. எம் மகனைக் கொல்லப் பாக்குறா."

செங்கமலத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஞானமணி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியண்ணனுக்கு இழுப்பு வந்தது. அப்புறம் வேர்த்தது. "ஆத்தா, கண்ணு தெரியலை" என்றான். அப்புறம் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. மூக்காயி மகன் காலைத் தொட்டாள். அது சில்லிட்டிருந்தது, பத்து வருஷத்துக்கு முன்னால் மருமகளின் கால் இருந்தது போலவே.

"போடு நர்சம்மா. போட்டுரு. அவ சொன்னது நெசந்தான், போட்டுரு."

ஞானமணி பாய்ந்து போட்டாள். நெஞ்சைத் தேய்த்தாள், இன்னொன்றும் போட்டாள். மருந்து குழாயை நெருக்கும், ஆனால் உள்ளே தள்ளுவதற்கு நெஞ்சு அடிக்க வேண்டுமே. அது நின்றுவிட்டிருந்தது.

கருமாதியன்று விடியலில் கண்மாய்க்கரைக்குப் போனார்கள். தாலியறுத்த கிழவிகள் நாலைந்து பேர் முன்னால் போனார்கள். வழக்கப்படி புதுச்சேலை, பூ, ஒரு கட்டுக் கண்ணாடி வளையல் எல்லாம் இருந்தன. கடைசியாக ஒருமுறை பூட்டி, கடைசியாக உடைப்பார்கள். மூத்தவள் என்பதால் செங்கமலத்துக்கு முதலில். வாழும்போது கிடைக்காத மூத்தவள் மரியாதை இதற்கு மட்டும் தவறாமல் வந்தது. தங்கமுத்து ஒரு ஓரமாக அழுதுகொண்டு நின்றாள். மூக்காயி தண்ணீருக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கிழவி வளையலோடு இடது கையைப் பிடிக்க வந்தாள். செங்கமலம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முந்தானையை விலக்கி, வலது கையை நீட்டினாள்.

"இதுல போடுங்க."

"இதுல எப்படிடி நிக்கும்?"

"நிக்காது. அத்தை புடிச்சுக்கிருவாக."

கிழவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செங்கமலம் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் மூக்காயியே எழுந்து வந்தாள். வளையல்களை வாங்கி மொண்டிக் கையில் நுழைத்தாள். தடுக்க விரல்களும் மணிக்கட்டும் இல்லாததால், எண்ணெயும் வேண்டாம் பிசையவும் வேண்டாம் என்று அவை தாமாகவே ஏறின. விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குனிந்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காமல் முணுமுணுத்தாள்.

"அதுக்கப்புறம் பத்து வருசம் இருந்தான்ல எம் மகன். அன்னைக்கு வளையலை ஒடைச்சிருந்தா அன்னைக்கே போயிருப்பான்."

"அன்னைக்கு நீங்க ஒடைக்க விட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரு அத்தை." செங்கமலம் எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள். "எனக்குக் கையும் இருந்திருக்கும். அவரும் அந்த ஊசியைப் போட்டுக்கிட்டிருப்பாரு."

மூக்காயியின் பிடியில் வளையல்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

"ஆடாமப் புடிங்க" என்றாள் செங்கமலம். கல்லை எடுத்த கிழவி முதல் வளையலைத் தட்டினாள்.